மஞ்சள் சிவந்தால் அது சோப்பு: நீளமுடிக்காரர்களின் ஷாம்பு பார் கேள்விகள்

கட்டியாக வருகிற ஷாம்பு பார் பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நீளமுடி உள்ளவர்கள் எழுதியவை. தோள்வரை முடி இருப்பவர் கட்டியைத் தவறாக வாங்கிவிட்டாலும் கூட இரண்டு முறை அலசிச் சமாளித்துக்கொள்வார். இடுப்பைத் தாண்டிப் பின்னல் போடுபவருக்கு அந்தத் தவறு வாரம் முழுக்கச் சிக்கெடுக்கும் வேலையாகிவிடும். சோப்பும் ஷாம்புவும் தயாரிக்கும் கூடங்களில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். எனக்கும் இடுப்புவரை முடி. அதனால் இந்தக் கேள்விகளை ஆசையோடு எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாமென்று ஒரு கண்காட்சியில் மூலிகை ஷாம்பு பார் வாங்கினேன். மூன்று தடவை குளித்ததும் முடி மெழுகு பூசினதுபோல் ஒட்டுகிறது. சீப்பில் வெள்ளையாகப் படிகிறது. விற்றவரிடம் கேட்டால், "முடி பழகுகிற காலம், ஒரு மாதம் பொறுங்கள்" என்கிறார். பொறுக்கலாமா? எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். (வாசகி, சென்னை)

பொறுக்க வேண்டாம். வெளியே தெரியும் முடி உயிரில்லாத நார். அது எந்த ஷாம்புவுக்கும் பழகிக்கொள்வது கிடையாது. உங்கள் தலையில் இருப்பது சோப்புக் கசடு. குளிக்கிற பக்கெட்டின் உள்விளிம்பில் சாம்பல் நிறத்தில் வழவழப்பாக ஒரு வளையம் படியுமே, அதே பொருள்.

'ஷாம்பு பார்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு பொருள்களை விற்கிறார்கள். ஒன்று, எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் சேர்த்துச் செய்த அசல் சோப்பு. செம்பருத்தி, வேப்பிலை, கரிசாலை என்று எந்தப் பொடியைக் கலந்தாலும் அடிப்படை சோப்புதான். அதன் பிஹெச் (புளிப்பா காரமா என்று காட்டும் அளவு) 9, 10 என்று இருக்கும், அதாவது காரத்தன்மை கூடுதல். இன்னொன்று சின்டெட் பார். பாட்டில் ஷாம்புவில் நுரைக்கிற பொருள்களின் இனத்தையே தண்ணீர் இல்லாமல் அழுத்திக் கட்டியாக்கியது. இதன் பிஹெச்சைத் தலைத்தோலுக்கு ஒத்துப்போகிற மாதிரி 5, 6 அளவில் வைக்க முடியும். உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் கரையாத பிசுக்காகத் திரண்டுவிடும். சின்டெட்டில் அந்தத் தொல்லை இல்லை.

உங்கள் கட்டி எது என்று வீட்டிலேயே பார்க்கலாம். வெள்ளைத் தட்டில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளை நீர் விட்டுக் குழைத்து வையுங்கள். கட்டியை நனைத்துத் தேய்த்து, வரும் நுரையை அதன்மேல் விடுங்கள். ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டதும் சிவக்கிற மாதிரி செம்பழுப்பாக மாறினால் அது சோப்பு. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தால் சின்டெட். சாம்பார்க் கறை பட்ட வேட்டி சோப்பு போட்டதும் சிவப்பதும் இந்தக் காரத்தன்மையால்தான். உறையிலும் பார்க்கலாம். 'சோடியம்' என்ற சொல்லுக்குப் பிறகு வெறும் எண்ணெயின் பெயர் வந்தால், அதாவது சோடியம் கோகோயேட், சோடியம் பாமேட், சோடியம் ஆலிவேட் என்றிருந்தால், சோப்பு. சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட் என்றிருந்தால் சின்டெட். எதுவுமே எழுதாமல் 'இயற்கையானது' என்று மட்டும் போட்டிருந்தால் நான் வாங்க மாட்டேன்.

இப்போது படிந்திருப்பதை எடுக்க, ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் வினிகர் கலந்து, கண்ணில் படாமல் முடி முழுக்க ஊற்றி இரண்டு நிமிடம் விடுங்கள். வினிகர் கால்சியத்தைப் பிரித்துவிடும், ஆனால் கொழுப்பு முடியிலேயே நிற்கும். அதனால் அலசிவிட்டு உடனே வீட்டில் இருக்கிற சாதாரண ஷாம்புவை ஒரு முறை போடுங்கள். இந்த வரிசை முக்கியம். வினிகரோடு நிறுத்திவிட்டு "இன்னும் பிசுக்குப் போகவில்லையே" என்பவர்கள் நிறைய. அந்தக் கட்டியைக் கை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரமே நுரைக்காது, கேத்தலில் வெள்ளையாகக் கல்லுப் பிடிக்கும். இந்தத் தண்ணீரில் முழுகினால் ஷாம்பு பார் சரிவருமா?

சின்டெட் என்றால் சரிவரும். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதில் ஊறி வருகிற தண்ணீரில் கால்சியம் கூடுதலாகத்தான் இருக்கும். சோப்பு வகைப் பாரை நீங்கள் தொடவே வேண்டாம்.

கேத்தலில் கல்லுப் பிடிக்கிறது என்று எழுதியிருப்பதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கொதிக்க வைத்தால் அந்தக் கால்சியத்தின் பெரும்பகுதி அடியில் படிந்துவிடும். இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரை முதல்நாளே கொதிக்க வைத்து ஆறவிட்டு, அடிமண்டியைக் கலக்காமல் மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் பீலித் தண்ணீரைப் பிடித்தால் அதைவிட நல்லது. தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கிற சவர் என்றால் கொதிக்க வைத்து அந்த உப்பு போகாது, அப்போது மழைத்தண்ணீர்தான்.

இந்தியாவிலிருந்து சிலர் டிடிஎஸ் மீட்டரின் எண்ணை எழுதி அனுப்புகிறீர்கள். அது கரைந்த உப்புகளின் மொத்தக் கணக்கு. கடினத்தன்மையை, அதாவது சோப்பைத் திரளவைக்கும் கால்சியம், மெக்னீசியத்தின் அளவை, தனியாகச் சொல்லாது. குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம். 600 குடிக்கத் தகும் என்பதால் தலைக்கும் தகும் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் சோதனைக்கூட அறிக்கையில் 'மொத்தக் கடினத்தன்மை' என்ற வரியைப் பாருங்கள்.

கேள்வி: முழங்காலுக்குச் சற்று மேலே வரை முடி. பாரை எப்படித் தேய்ப்பது? முடி முழுக்கத் தேய்த்தால் கட்டி நான்கு குளியலில் தீர்ந்துவிடும், சிக்கும் விழுகிறது. (வாசகி, தஞ்சாவூர்)

முடி முழுக்கத் தேய்க்கவே கூடாது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். உங்கள் முடி ஒரு மீட்டர் என்றால், நுனிக்கு எட்டு வயசுக்கு மேல். எட்டு வருஷ வெயில், சீப்பு, தலையணை எல்லாம் பார்த்த பகுதி அது. பிறக்கும்போது அதன்மேல் இருந்த மெல்லிய கொழுப்புப் பூச்சு எப்போதோ போயிருக்கும். அழுக்கும் வியர்வையும் எண்ணெயும் சேர்வது தலைத்தோலில். கட்டி அங்கேதான் போக வேண்டும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். முடி காய்ந்திருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்துவிடுவேன். பிறகு காதுக்குக் கீழே தளர்வாக இரண்டு பின்னல், நுனியில் துணி ரப்பர். தண்ணீர் ஊற்றும்போது அவசரமே கூடாது. நீளமுடி நனைந்தமாதிரி தெரியும், உள்ளே பிடரிப் பக்கம் காய்ந்தே இருக்கும். விரலை விட்டுப் பார்த்து, தோல் ஈரமானபின் கட்டியை நனைத்து, நெற்றியிலிருந்து பிடரிக்கு ஒரே திசையில் வகிடு வகிடாக நான்கைந்து கோடு இழுப்பேன். வட்டமாகத் தேய்ப்பதில்லை, அதில்தான் சிக்கு விழுகிறது. கட்டியைக் கீழே வைத்துவிட்டு விரல்நுனியால் தலைத்தோலைப் பிசைந்தால் நுரை தானே வரும். முடியை உச்சியில் குவித்துத் துணி கசக்குவதுபோல் கசக்காதீர்கள். அலசும்போது வழிகிற நுரையே பின்னலைச் சுத்தம் செய்துவிடும்.

அப்புறம் பின்னலை அவிழ்த்து, காதுக்குக் கீழே கண்டிஷனர். கட்டியோ பாட்டிலோ, உங்கள் இஷ்டம். இடுப்புக்குக் கீழே முடி உள்ளவர்கள் ஷாம்பு பாரை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டப் பார்க்க வேண்டாம். அப்படி ஓட்டி நுனி வெடித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசியாகப் பிடரியில் இன்னும் இரண்டு சொம்பு தண்ணீர் கூடுதலாக. பிசுக்கு என்று வருகிற புகார்களில் பாதி அந்த இரண்டு சொம்பில் தீர்ந்துவிடும்.

கேள்வி: வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பேன். ஷாம்பு பாரில் எண்ணெய் இறங்குமா?

இறங்கும், இரண்டு தடவை போட வேண்டும். முதல் தடவை நுரையே வராது; நுரைக்கிற பொருள் முழுவதும் எண்ணெயைப் பிடிக்கப் போய்விடுகிறது. "நுரை வரவில்லையே" என்று மேலும் மேலும் கட்டியைத் தேய்க்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிவிட்டு, இரண்டாம் தடவை லேசாகப் போடுங்கள். எண்ணெய் வழிய வழிய வைத்திருந்தால், தலையை நனைக்கும் முன்பே கொஞ்சம் பயத்தமாவோ அரப்புத்தூளோ தலைத்தோலில் தடவி எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நுனிக்கு மட்டும் என் சிபாரிசு தேங்காய் எண்ணெய். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003-ல் வெளிவந்த மும்பை ஆய்வொன்றில், முடியின் புரத இழப்பைக் குறிப்பிடும்படியாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதன் மூலக்கூறு முடிக்குள்ளே இறங்குகிறது. குளிக்கப்போகும் முன் அரை மணி நேரம் நுனியில் இருந்தால் நல்ல காப்பு.

கேள்வி: "பாரும் வேண்டாம், பாட்டிலும் வேண்டாம், சீயக்காய் போடு" என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி? (வாசகி, திண்டுக்கல்)

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. சீயக்காயில் நுரைப்பது சப்போனின். அது சோப்பு இல்லை, அதனால் உப்புத் தண்ணீரிலும் கசடு திரளாது. லேசான புளிப்புத்தன்மை உள்ளது. எண்ணெயை முழுக்கச் சுரண்டி எடுக்காமல் கொஞ்சம் விட்டுவைக்கும், நீளமுடியின் நுனிக்கு அது நல்லதுதான். என் பாட்டி வடித்த கஞ்சியில் கரைத்துப் போடுவார். காய்ந்தபின் முடி கனமாக, சொன்னபடி கேட்கும்.

சிரமம் தூளில். நீளமுடியில் சிக்கிய திப்பி இரண்டு நாளைக்கு உதிர்ந்துகொண்டே இருக்கும். தூளாகப் போடாமல், காயைத் தட்டி இரவே ஊறவைத்து, காலையில் கொதிக்க வைத்து, வெள்ளைத்துணியில் வடிகட்டி அந்தத் தண்ணீரை ஊற்றுங்கள். கண்ணில் பட்டால் எரியும், பார்த்து. வேலை நாளில் பார், ஞாயிற்றுக்கிழமை சீயக்காய் என்று வைத்துக்கொண்டால் அம்மாவுக்கும் சந்தோஷம், முடிக்கும் நல்லது. ஆனால் கடையில் 'சீயக்காய் சோப்பு' என்று வருவது வேறு. அதையும் மஞ்சளில் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பொடுகுக்கு எந்த பார் நல்லது?

பொடுகு போக பாரை நம்ப வேண்டாம். தலைத்தோலில் வாழும் மலசீசியா என்ற பூஞ்சைக்கும் பொடுகுக்கும் தொடர்புண்டு. கீட்டோகோனசோல் போன்ற மருந்துள்ள ஷாம்புவை மருத்துவர் சொல்கிறபடி, சில நிமிடம் ஊறவிட்டுப் போட வேண்டும். நீளமுடி முழுக்கப் பூச வேண்டாம், தோலில் மட்டும். அடங்கியபின் பாருக்குத் திரும்புங்கள்.

கேள்வி: ஆணுக்கும் இதெல்லாம் பொருந்துமா? மூன்று வருஷமாக முடி வளர்க்கிறேன், முதுகுவரை இருக்கிறது. (வாசகர், பெங்களூர்)

அப்படியே பொருந்தும். ஹெல்மெட் போடுபவராக இருந்தால் வியர்வை கூடும், வாரத்துக்கு மூன்று தடவைகூட அலசலாம். நுனிக்குக் கண்டிஷனரை விடாதீர்கள்.

கேள்வி: மகளுக்குப் பதினாறு வயது, நீளமான முடி. பார் மாற்றிய பிறகு குளிக்கும்போது உருண்டை உருண்டையாகக் கொட்டுகிறது. பயமாக இருக்கிறது. (ஒரு தாய், மதுரை)

முதலில் எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. பள்ளிக்குப் பின்னல் போட்டுப் போகிற பிள்ளைக்கு, நான்கு நாள் உதிர்ந்தது பின்னலுக்குள்ளேயே தங்கி, தலை குளிக்கும் அன்று மொத்தமாக வரும். இரண்டடி முடி நூறு என்றாலே இருநூறு அடி நூல். உருண்டை பெரிதாகத்தான் தெரியும்.

உதிர்ந்த முடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு தானாக உதிர்ந்தது. குமிழே இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் நடுவில் அறுந்தது. அறுந்ததற்கு பார் காரணமாக இருக்கலாம், மஞ்சள் சோதனையும் தேய்க்கும் முறையும் பாருங்கள். குமிழோடு கொத்துக்கொத்தாக வந்தால், இரண்டு மூன்று மாதம் முன்பு கடும் காய்ச்சல் வந்ததா என்று யோசியுங்கள். அந்த இடைவெளியில் கொட்டுவது வழக்கம், பெரும்பாலும் தானே நிற்கும். மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு உள்ள பெண் என்றால் மருத்துவரிடம் காட்டி இரும்புச்சத்தைப் பார்த்துவிடுங்கள். தைராய்டும் பார்க்கச் சொல்வார்கள்.

கேள்வி: ஒரு ரூபாய் சாஷே வாங்கிப் பழகியவள். பார் விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது. கட்டுப்படியாகுமா? (வாசகி, கடலூர்)

ஷாம்புவைச் சாஷேயில் அடைத்து விற்கும் பழக்கம் வளர்ந்த ஊரிலிருந்தே கேட்கிறீர்கள்! கணக்கை உங்கள் கையிலேயே போடலாம். என் 80 கிராம் கட்டியைக் காயவைத்து, சமையலறைத் தராசில் குளிக்கும் முன்னும் மறுநாளும் நிறுத்துப் பார்த்தேன். ஒரு குளியலுக்கு இரண்டரை கிராம் குறைந்தது. அப்படியானால் முப்பது குளியலுக்கு மேல் வரும். நீளமுடிக்கு ஒரு குளியலுக்கு மூன்று சாஷேயாவது கிழிப்பீர்கள். அந்தத் தொண்ணூறு ரூபாய்க்கும் கட்டியின் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே பாருங்கள். பல கட்டிகள் சாஷேயைவிடக் கூடுதலாகத்தான் வரும், அதை மறைக்க விரும்பவில்லை. பணம் இடிக்கிறது என்றால் பெரிய பாட்டில் வாங்குவதும் சாஷேக் குப்பையைக் குறைக்கும்.

கேள்வி: கட்டி சோப்புப்பெட்டியில் கொழகொழவென்று கரைந்துவிடுகிறது. என்ன செய்ய?

அடியில் ஓட்டையில்லாத பெட்டிதான் காரணம். புதுக் கட்டியைக் கத்தியால் இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் காகிதத்தில் சுற்றிக் குளியலறைக்கு வெளியே வையுங்கள். மற்ற பாதியைத் தேங்காய் நார் மேல், தண்ணீர் தெறிக்காத உயரத்தில், ஜன்னலோரம். ஊருக்குப் போகும்போது முதல்நாள் இரவே துடைத்துக் காயவிட்டுப் பிறகு டப்பாவில் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் போய்ச் சேர்வதற்குள் களியாகிவிடும்.