மட்டையைப் பரணில் போட்ட மகளுக்கு எந்தப் படிப்பு?

ஐயா, வணக்கம்.

கோவில்பட்டியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தில் கேள்வி ஒன்றுதான்: மகளை எதில் சேர்ப்பது? அதற்கு வருகிறேன். அதற்கு முந்தைய வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். ஹாக்கி மட்டையை அவளே பரணில் போட்டுவிட்டாள் என்று எழுதியிருந்தீர்கள்.

பத்து வயதிலிருந்து விடியற்காலையில் மைதானம். ஊரில் யார் விசாரித்தாலும் "ஹாக்கி விளையாடுகிற பெண்ணா?" என்றுதான் கேட்பார்கள். முழங்கால் ஜவ்வு கிழிந்தபோது அந்தப் பெயரும் போய்விட்டது. கூடவே தோழிகள், பயிற்சியாளரின் அதட்டல், உடல் அசந்து வரும் தூக்கம். தானாக விலகுகிறவர் மனத்தைத் தயார் செய்துகொள்வார். காயத்தாலோ அணித்தேர்வில் கழிக்கப்பட்டோ வெளியேறுகிறவருக்கு அந்த அவகாசம் கிடையாது. விளையாட்டைத் தவிர வேறெதிலும் தன்னைக் காணாதவர்களுக்கு அடி இன்னும் பலம். இதைச் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவே, வெற்றிக்குப் பின் தன்னைக் கவ்விய வெறுமையைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

பதக்கங்களை உங்கள் மனைவி பீரோவில் பூட்டியது நல்ல எண்ணத்தில்தான். ஆனாலும் அவளைக் கேட்டுவிட்டுத் திரும்ப எடுத்து வையுங்கள். தினமும் ஓடிய உடம்பு திடீரென்று முடங்கினால் மனமும் சோர்ந்துவிடும். மருத்துவர் அனுமதிக்கும் பயிற்சி எதுவானாலும் பழைய நேரத்திலேயே செய்யட்டும். உறவினர்களின் அறிவுரைக்குக் கொஞ்ச நாள் கதவைச் சாத்துங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் அன்றைக்கே போக வேண்டும். 14416 என்ற, அரசின் டெலி மனாஸ் மனநல உதவிச் சேவையின் இலவச எண்ணில் எந்நேரமும் பேசலாம்.

இனி படிப்பு. எல்லோரும் உடற்கல்வி என்பார்கள். நான் இப்போது அதைச் சொல்ல மாட்டேன்; மைதானத்தைப் பார்க்கவே அவளுக்கு இன்னும் வலிக்கலாம். ஒரு பட்டம் முடித்த பிறகும் அதில் சேரலாம், பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தில் பயிற்சியாளர் பட்டயமும் படிக்கலாம். பிளஸ் டூவில் உயிரியல் இருப்பதால் இயன்முறை மருத்துவம் உண்டு. கணிதமும் எடுத்திருப்பதால் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கான தனி ஒதுக்கீடு இருக்கிறது. விளையாட்டை விட்டாலும் மாநிலப் போட்டிச் சான்றிதழ் செல்லும். அதை உரிய படிவத்தில் வாங்கும் அலைச்சலை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அவளை அனுப்ப வேண்டாம்.

அடுத்த முறை அவளுக்கும் வர மனமிருந்தால் அழைத்து வாருங்கள். மட்டை பரணிலேயே இருக்கட்டும்.