கவர்னர் வீட்டுக் கடிதங்கள்

கேள்வி: நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய அமெரிக்க மாநில அரசியல்வாதிகளின் சொந்தக் கடிதங்களைப் பல்கலைக்கழகங்கள் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்திருக்கின்றனவே, சட்டசபைப் பதிவுகளில் இல்லாத எது அவற்றில் இருக்கிறது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நிறைய இருக்கிறது. ரஷ்யாவிடமிருந்து 1867இல் அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு வாங்கியவர் வில்லியம் சீவர்ட், அதிபர் லிங்கன் காலத்திலிருந்தே அமெரிக்க வெளியுறவு அமைச்சர். அதற்கு வெகு முன்பே நியூயார்க் மாநில அரசியலில் ஊறியவர். 1831 முதல் 1834 வரை மாநில செனட்டர், 1839 முதல் 1842 வரை கவர்னர். (அங்கே கவர்னர் மக்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர், நம் முதலமைச்சர் மாதிரி.) அடிமை ஒருவர் தப்பிக்க உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்ட மூன்று கறுப்பினக் கப்பல் தொழிலாளர்களை வர்ஜீனியாவிடம் ஒப்படைக்க மாட்டேன் என்று மறுத்தவர் இவர்தான். இதெல்லாம் பதிவுகளிலேயே கிடைத்துவிடும்.

ஆபர்ன் ஊரில் அவர் வீட்டில் இருந்த காகிதங்கள் இப்போது ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. எனக்கு அவற்றில் பெரிய புதையலாகத் தெரிவது மனைவி பிரான்சிஸ் எழுதியவைதான். அடிமைமுறையைக் கணவரைவிடக் கடுமையாக எதிர்த்தவர் அவர். 1861 தொடக்கத்தில், நாடு உடையாமல் இருக்க சீவர்ட், அடிமைமுறையை விடாத தென் மாநிலங்களிடம் இறங்கிப் பேசியபோது, இது தவறு என்று கணவருக்கு நேராகவே எழுதினார். எந்தச் சட்டசபைக் குறிப்பில் இது வரும்?

அந்தக் காலத்துக் கடிதம் ஒன்றைப் பார்த்தாலே ஒரு விஷயம் புரியும். 1845 வரை தாள் கணக்கில்தான் தபால் கட்டணம். 400 மைலுக்கு மேல் போனால் ஒரு தாளுக்கு 25 சென்ட், இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு. உறை போட்டால் அதையும் ஒரு தாளாக எண்ணிவிடுவார்கள் என்பதால் கடிதத்தையே மடித்து, அரக்கு வைத்து, வெளிப்பக்கம் முகவரி எழுதி அனுப்பினார்கள். இடம் போதாவிட்டால் எழுதின பக்கத்தையே திருப்பி, முதல் வரிகளுக்குக் குறுக்காக மேலேயே எழுதுவதும் உண்டு.

அப்புறம் மகள் ஃபேனியின் டைரி. லிங்கன் சுடப்பட்ட 1865 ஏப்ரல் 14 இரவு, வண்டி விபத்தில் தாடை உடைந்து படுத்திருந்த சீவர்டைக் கொல்ல, மருந்து கொண்டு வந்ததாகச் சொல்லி ஒருவன் வீட்டுக்குள் நுழைந்தான். அப்போது அப்பாவின் படுக்கையருகே இருந்தவள் 20 வயது ஃபேனி. கண்ணால் கண்டதை அவளே எழுதி வைத்திருக்கிறாள். அப்பா பிழைத்தார்; அம்மா அந்த ஜூனிலேயே இறந்தார், ஃபேனி மறு வருடம்.

குடும்பக் கடிதங்களை மாணவர்களும் ஓய்வு பெற்ற முதியவர்களும் சேர்ந்து எழுத்து எழுத்தாகப் படித்துத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். காசில்லாமல் படிக்கலாம், பிரான்சிஸிடமிருந்து ஆரம்பியுங்கள்.