நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்பீக்கர் கரகரப்பது பற்றி

வணக்கம் நண்பரே. பைக்கின் ஃபேரிங்கில் (முன்பக்கக் காற்றுத்தடுப்பு உறை) புது 6.5 அங்குல ஸ்பீக்கரும் ஆம்பும் (ஆம்ப்ளிஃபயர்) போட்டும், 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி வால்யூமைக் கூட்டினால் பாட்டு கரகரக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் பெரிய ஆம்ப் வாங்க அவசரப்படாதீர்கள். வாட்ஸ் இரட்டிப்பானாலும் கூடுவது 3 டெசிபல்தான்.

கோளாறு பெரும்பாலும் பாஸில்தான், அதாவது பாட்டின் தாழ்ந்த ஒலிகளில்தான் இருக்கும். காற்றின் இரைச்சல் தாழ்ந்த அதிர்வெண்களில்தான் அதிகம். பாஸ் அதில் அமுங்கிப்போக, நாம் அதையே கூட்டிக்கொண்டு போகிறோம். அதே சத்தத்துக்கு அதிர்வெண் பாதியானால் ஸ்பீக்கரின் கோன் (முன்னும் பின்னும் அசையும் கூம்பு) 4 மடங்கு தூரம் அசைய வேண்டும். சின்ன ஸ்பீக்கரால் அது முடியாது, பாடகர் குரலையும் சேர்த்துக் கெடுத்துவிடும். ஆம்பில், தாழ்ந்த ஒலிகளை வெட்டிவிடும் ஹை-பாஸ் ஃபில்டரை 100 முதல் 120 ஹெர்ட்ஸுக்குள் வையுங்கள். பாஸ் பூஸ்ட்டை முழுசாக அணைத்துவிடுங்கள். வண்டி நிற்கும்போது பாட்டு கொஞ்சம் மெலிந்து கேட்கும், பரவாயில்லை. ஓடும்போது குரல் தெளிவாக வரும், அதுதான் முக்கியம்.

அப்புறம் கெயின். அது வால்யூம் திருகு இல்லை; பிளேயரிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு. ஈக்வலைசரைச் சமமாக வைத்து, பிளேயரை முக்கால் வால்யூமில் ஓடவிட்டு, கெயினை மெல்லக் கூட்டுங்கள். கரகரப்பு தொடங்கியதும் சற்றுக் குறைத்து நிறுத்துங்கள். இதையெல்லாம் வண்டியை நிறுத்தி வைத்தே செய்யுங்கள்.

அப்படியும் சரியாகவில்லை என்றால், ஆம்பின் எர்த் ஒயர் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கே நேராகப் போகிறதா என்று பாருங்கள்.