தகுதி ஒன்றாக இருந்தும் சிங்கப்பூரில் வேலை ஒரே மாதிரி கிடைக்காதது ஏன்?

உங்கள் மகனும் அவனுடைய சீன நண்பனும் ஒரே பாலிடெக்னிக், ஒரே படிப்பு, ஏறக்குறைய ஒரே மதிப்பெண். நண்பனுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வருகிறது, மகனுக்கு வருவதில்லை, இது இனப் பாகுபாடா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சில நேரம் அதேதான். ஆனால் துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு கிடங்கு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவன் நான். "இந்தியர் வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்பவர்கள் அபூர்வம். அந்தப் பேச்சே எழாதபடி முன்னாடியே வடிகட்டிவிடுவார்கள்.

சூப்பர்வைசர் வேலைக்கான விளம்பரம் ஒன்றில் "மாண்டரின் தெரிந்திருக்க வேண்டும்" என்று இருந்தது. அந்தச் சீன மொழி எதற்கு என்று மேலாளரிடம் கேட்டேன். ஆட்களில் பாதிப் பேர் சீனாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்த சீனர்கள், வாட்ஸ்அப் குழுவில் எல்லாம் சீனத்தில்தான் ஓடுகிறது என்றார். உண்மைதான். ஆனால் குழு ஏன் அப்படி ஆனது? போன முறை ஆள் எடுத்தபோதும் விளம்பரத்தில் இதே வரிதான். யார் மீதும் வெறுப்பில்லாமலே ஒரு பிரிவு முழுக்க ஒரே இனமாகிவிடும்.

அப்புறம் சிபாரிசு. எம்ப்ளாய்மென்ட் பாஸில், அதாவது உயர்தகுதி வெளிநாட்டவருக்கான அனுமதியில், ஆள் எடுப்பதென்றால் பொதுவாக மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைத் தளத்தில் 14 நாள் விளம்பரம் போட வேண்டும். உள்ளூர் ஆளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. காலியிடம் முதலில் காப்பிக்கடை மேசைக்குத்தான் தெரியவரும், அந்த மேசையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நம்மவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் ரோட்டில் எத்தனை கடைகளில் "நம்ம ஊர்ப் பையன்" என்றே ஆள் தேடுகிறார்கள்! அங்கே கல்லாவில் ஒரு மலாய்ப் பெண்ணைப் பார்த்திருக்கிறீர்களா?

குறைந்த சம்பள வெளிநாட்டுத் தொழிலாளருக்கான வொர்க் பெர்மிட் வேறு கதை. அங்கே விதியே நாடு பார்க்கிறது. கட்டுமானத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் எடுக்கலாம். சாப்பாட்டுக் கடையில் பரிமாற மலேசியத் தமிழரை எடுக்கலாம், தமிழ்நாட்டுக்காரரை முடியாது. இந்திய உணவகச் சமையல்காரருக்கு 2023 செப்டம்பரில்தான் கதவு திறந்தது.

வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நிறைவேறியது. இனம், மதம், மொழி, வயது, கர்ப்பம், உடற்குறை எல்லாம் அதில் வருகின்றன. ஆனால் 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு இப்போதைக்கு விலக்கு. காப்பிக்கடைச் சிபாரிசு அதிகம் நடப்பதே அப்படிப்பட்ட இடங்களில்தான், இது எனக்கு உறுத்துகிறது. வேலைக்கு உண்மையிலேயே தேவையென்றால் மொழியைக் கேட்கச் சட்டம் தடை சொல்வதில்லை, அதனால் "மாண்டரின்" வரி சீக்கிரம் மறையாது.

உங்கள் மகனுக்கு ஒன்று சொல்லுங்கள். அந்த வரி உள்ள விளம்பரத்தைக் கண்டால், எந்த வேலைக்காக அந்த மொழி வேண்டும் என்று மின்னஞ்சலில் கேட்கட்டும். தெளிவான பதில் இல்லையென்றால் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து டாஃபெப்பில் புகார் கொடுக்கலாம். வேலையில் நியாயம் பார்க்கவே அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து 2006-இல் தொடங்கிய முத்தரப்பு அமைப்பு அது.