இவ்வளவு வெயில் அடிக்கிற யாழ்ப்பாணத்தில அம்மாக்கு விட்டமின் டி குறைஞ்சு எலும்பு மெதுமையாகுது எண்டுறாங்கள், இது உண்மையில நடக்குமோ?

ஓம், நடக்கும். என்ர மாமிக்கு வந்தது, கோண்டாவிலை விட்டு வெளியவே போகாத ஆள்.

வெயில் முத்தத்தில அடிச்சுக் காணாது, தோலில படவேணும். மாமி காலமை முழுக்க குசினி, பிறகு விறாந்தை, வெளிய வெளிக்கிட்டா குடை. யன்னல் கண்ணாடிக்குள்ளால வாற வெயில் சுடும், ஆனா தோலில விட்டமின் டி உண்டாக்கிற யூவிபி எண்ட கதிர் கண்ணாடியைத் தாண்டாது. எங்கட கறுத்த தோலுக்குக் கூடின நேரம் வேணும், வயசு போனா இன்னும் கூட. விடியக்காலமை இளவெயில் காணும் எண்டு எல்லாரும் சொல்லினம், அந்த நேரம் யூவிபி சரியான குறைவு. உங்கட நிழல் உங்களைவிடக் கட்டையா விழவேணும், எங்கட பக்கம் அது ஒன்பதரை பத்துக்குப் பிறகுதான். கையும் காலும் படுறமாதிரி ஒரு கால் மணி, அரை மணி, கிழமையில சில நாள், அவ்வளவுதான், மத்தியானம் முழுக்கக் காயத் தேவையில்லை.

மாமிக்கு முதல் நாரி நோ, பிறகு துடை, இடுப்பு எண்டு எல்லா இடமும் உளைவு, வாதம் எண்டு சொல்லி எண்ணெய் பூசிக்கொண்டே இருந்தவை. பிளாஸ்ரிக் கதிரையின்ர ரெண்டு கையையும் ஊண்டி உன்னித்தான் எழும்புவா, படி ஏறேலாது, நடை ஆடி ஆடி. கடைசியில ஒரு டொக்டர் முழங்காலுக்குக் கீழ முன் எலும்பைப் பெருவிரலால மெல்லமா அமத்த, மாமி காலை வெடுக்கெண்டு இழுத்திட்டா. மூட்டு இல்லை, எலும்புதான் நோகுது எண்டார். ரத்தத்தில விட்டமின் டி ஒரு மில்லிலீற்றருக்கு 10 நனோகிராமுக்கும் கீழ, எலும்பு பழுதானா ஏறுற அல்கலைன் பொஸ்பற்றேஸ் எண்ட நொதியம் கூடிக்கிடந்தது. விட்டமின் டி 20க்குக் கீழ வந்தாலே குறைவு எண்டுதான் எடுப்பினம், எலும்பு மெதுமையாகிறது அதைவிட நல்லாக் குறைஞ்சு கனகாலம் கிடந்தால்தான்.

விட்டமின் டி இல்லாட்டி குடல் கல்சியத்தை ஒழுங்கா எடுக்காது, புதுசா உண்டாகிற எலும்புக்கு இறுக்கம் ஏறாது. இதுதான் ஒஸ்டியோமலேசியா, சின்னப்பிள்ளையளுக்கு வந்தா ரிக்கெட்ஸ், கால் வளையும். எலும்பு தேயுற ஒஸ்டியோபொரோசிஸ் வேற வருத்தம், ரெண்டையும் குழப்பக்கூடாது, ஏனெண்டா விட்டமின் டியை ஏத்தாமல் ஒஸ்டியோபொரோசிஸுக்குப் போடுற சில ஊசியளைப் போட்டா ரத்தத்தில கல்சியம் ஆபத்தா இறங்கும்.

சாப்பாட்டில சூடை, சாளை, கும்பிளா, முட்டை மஞ்சள் கரு, இதுகளில இருக்கு. மாமி சுத்த சைவம், முருங்கையிலையும் குரக்கனும் கல்சியம் தரும், விட்டமின் டி தராது. அதால குளுசைதான். வழக்கமா 50,000 யூனிட் குளுசை கிழமைக்கு ஒண்டு, 6 தொடக்கம் 8 கிழமை, பிறகு ஒவ்வொரு நாளும் சின்ன டோஸ். மாமிக்கு நோ மெல்லமெல்லமாத்தான் விட்டது, மாதக்கணக்கா எடுத்தது, ஆனா விட்டது. தயவுசெய்து பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் எண்டு பாமசியில வாங்கிப் போடாதேங்கோ, இது உடம்பில தேங்கிற சாமான், கூடினா கல்சியம் ஏறி சத்தி, மாறாட்டம், கிட்னிப் பழுது வரைக்கும் போகும்.

உங்கட அம்மாக்கு கல்சியம், பொஸ்பேற், கிட்னி ரெஸ்ற் எல்லாம் சேர்த்துப் பாருங்கோ. வலிப்புக்குக் குளுசை எடுக்கிறவ எண்டாலோ ஈரல், குடல் வருத்தம் இருந்தாலோ டொக்டரிட்ட கட்டாயம் சொல்லவேணும், டோஸே மாறும்.