தயிர் வாளியில் தக்காளி: பூ ஏன் கொட்டுகிறது?

கேள்வி: முத்தியால்பேட்டையில் முதல் மாடியில் இருக்கிறோம். தெற்கு பார்த்த 4 அடி பால்கனி. குட்டை ரகத் தக்காளி விதை வாங்கி மார்ச் கடைசியில் போட்டேன். ஐஸ்கிரீம் டப்பா, தயிர் வாளி என்று ஆறு செடிகள். ஒரு சாண் உயரத்தில் நின்றுகொண்டு பூக்கிறது, பூ காம்போடு கொட்டுகிறது. இந்த ஜூன் வரை பிடித்தது மூன்றே காய், அதுவும் அடி கறுத்துப்போனது. முட்டை ஓடு நொறுக்கிப் போட்டும் பலன் இல்லை. இலை சுருக்கம் சுருக்கமாக இருப்பதைப் பார்த்து, 'இது வைரஸ், பிடுங்கிப் போடு' என்கிறார் மேல்வீட்டு அக்கா. பிடுங்கிவிடட்டுமா?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: பிடுங்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய படத்தில் இலை கரும்பச்சையாக, தடிப்பாக, அலசிப் பிழிந்து உதறாமல் காயப்போட்ட துண்டு மாதிரி சுருங்கி இருக்கிறது. அது நோய் இல்லை, குட்டை ரகத்தின் முகமே அதுதான். செடியை உயரவிடாமல் வைத்திருக்கும் மரபணு, பிராசினோஸ்டீராய்டு என்ற வளர்ச்சி ஹார்மோனைக் குறைத்துவிடுகிறது. தண்டின் கணுக்கள் நெருங்கிப்போவதும் இலை சுருங்கித் தடிப்பதும் அதனால்தான். முளைத்து மூன்றாவது இலை வரும்போதே இது தெரிந்துவிடும். இது தெரியாமல் நல்ல செடியைப் பிடுங்கிப் போட்டவர்கள் நிறைய பேர்.

வைரஸ் வேறு மாதிரி வரும். அடி இலைகள் சாதாரணமாக இருக்கும். நுனியில் வரும் புது இலை மட்டும் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, கிண்ணம் போல மேல்நோக்கி மடங்கும். செடியை லேசாகத் தட்டினால் வெள்ளை ஈக்கள் பொடி பறப்பது போல எழும்பும். அந்த ஈதான் இலைச்சுருட்டை வைரஸைச் செடிக்குச் செடி கொண்டுபோகிறது. அப்படி வந்த செடிக்கு மருந்து கிடையாது, அன்றைக்கே பிடுங்கிப் பையில் கட்டிப் போட்டுவிட வேண்டும். வருவதற்கு முன்னால் செய்யக்கூடியது மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்று தொங்கவிடுவது. வாரம் ஒரு முறை லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி அடிக்கலாம்.

சரி, பூ ஏன் கொட்டுகிறது? மார்ச் கடைசியில் விதைத்தால் மே நடுவில் பூக்கும். புதுச்சேரியில் மே மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தக்காளிக்குப் பகல் வெயிலைவிட ராத்திரி வெக்கைதான் பெரிய எதிரி. இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் காய்ப்பிடிப்பு நன்றாக இருக்கும். 24ஐத் தாண்டினால் மகரந்தம் வலுவிழக்கும், பகலில் 35ஐத் தாண்டினால் இன்னும் மோசம். நம் கடற்கரையில் மே மாத ராத்திரி பெரும்பாலும் 26, 27க்குக் கீழே இறங்குவதில்லை. சூல் பிடிக்காத பூவைச் செடி வைத்துக்கொள்ளாது, காம்பின் நடுவில் இருக்கும் கணுவில் கழற்றிப் போட்டுவிடும். உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

உங்கள் பால்கனி தெற்கு பார்த்தது என்பதால் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. புதுச்சேரி ஏறக்குறைய 12 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 23 வாக்கில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, வடக்குப் பக்கம் போய்விடுகிறது. மறுபடி தெற்கே திரும்புவது ஆகஸ்ட் 20 வாக்கில். அதாவது வருஷத்திலேயே வெயில் கொளுத்தும் மாதங்களில் உங்கள் பால்கனிக்கு நேர் வெயில் கிடையாது, சுவரின் சூடு மட்டும்தான். தக்காளிக்குக் குறைந்தது 6 மணி நேர நேர்வெயில் வேண்டும். ஆக, மே மாதம் உங்கள் செடிக்குச் சூடு உண்டு, வெளிச்சம் போதாது. ஆனால் டிசம்பர், ஜனவரியில் நண்பகல் சூரியன் தெற்கே 55 டிகிரி உயரத்துக்குச் சாய்ந்து நிற்கும். அப்போது வெயில் பால்கனிக்கு உள்ளேயே வந்து விழும். தக்காளிக்கு உங்கள் இடம் அருமையான இடம், விதைத்த மாதம்தான் தப்பு.

இந்தக் கரைக்கு என் கணக்கு இதுதான்: கார்த்திகை முதல் வாரம் விதை, மார்கழியில் நடவு, தையில் பூ, மாசியில் பழம். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும் நாட்களில் உங்கள் வாளியில் பழம் சிவந்திருக்க வேண்டும். நுண்குட்டை ரகங்களுக்கு விதையிலிருந்து முதல் பழத்துக்கு 80, 90 நாள் போதும் என்பதால் இந்தக் கணக்கு இடிக்காது. டிசம்பர், ஜனவரி இரவுகளே இங்கே 21, 22 டிகிரி என்பதால் பெரிய பழ ரகங்களைவிடக் கோலிகுண்டு அளவுப் பழம் தருபவை நன்றாகப் பிடிக்கும். பொங்கல் கழித்து விதைத்தால் மறுபடி கோடையில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

கார்த்திகை அடைமழை மாதமாயிற்றே என்பீர்கள். சின்னத் தொட்டியின் உண்மையான லாபம் அங்கேதான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். என் மொட்டை மாடியில் இருந்த பெரிய பைகளில் கத்தரி நின்றபடியே அழுகியது. நாற்றுத் தட்டும் பன்னிரண்டு சின்ன டப்பாவும் மூன்று நாள் டிவி மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே போயின.

அடுத்து, அடி கறுத்த காய். இதுவும் நோய் இல்லை, பூச்சியும் இல்லை. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். மண்ணில் சுண்ணாம்பு இல்லை என்று உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள். கால்சியம் தண்ணீரோடு மட்டும்தான் செடிக்குள் ஏறும், ஏறுவதில் பெரும்பங்கு இலைக்குப் போய்விடும். காலையில் ததும்பத் தண்ணீர், மத்தியானம் வறண்ட வாளி என்று போனால் கடைசியில் நிற்கும் காய் நுனிதான் பட்டினி கிடக்கும். முட்டை ஓட்டைப் பற்றி எனக்குக் கறாரான அபிப்பிராயம் உண்டு: கரைந்து வேருக்குக் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் செடியின் ஆயுளே முடிந்துவிடும். போட்டதால் கெடுதல் இல்லை, இந்தப் பருவத்துக்கு உதவாது, அவ்வளவுதான்.

தண்ணீரை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் படத்தில் தயிர் வாளியின் விளிம்பிலும் மண்மேலும் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. கடலோரத்து போர் தண்ணீராக இருக்கலாம், அல்லது ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீராக இருக்கலாம். வீணாகிறதே என்று அதைப் பிடித்துச் செடிக்கு ஊற்றுவது பல வீடுகளில் வழக்கம். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் என்பது உப்பைத் திரட்டிய தண்ணீர். வாசல் தெளிக்கலாம், 3 லிட்டர் டப்பாத் தக்காளிக்கு வேண்டாம். தரையில் இருக்கும் செடிக்கு உப்பு கீழே இறங்கிப்போக வழியுண்டு, டப்பாவில் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். உப்பு சேரச் சேர, மண் ஈரமாக இருந்தும் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது, கால்சியமும் ஏறாது. ஏசி சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இருக்காது. அதைக் குழாய்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரை, அடித்துளை வழியாகத் தாராளமாக ஓடும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும், மறுபடி உறிஞ்ச விடக்கூடாது.

டப்பாவின் அளவுக்கு வருவோம். நுண்குட்டைச் செடிக்கு ஒரு லிட்டர் மண் போதும் என்று குளிர்நாட்டுக்காரர்கள் எழுதுவது அவர்கள் ஜன்னலோரத்துக்குச் சரி. இங்கே ஒரு லிட்டர் மண் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். 15 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தோடு 4, 5 லிட்டர் வேண்டும். உங்கள் தயிர் வாளி சரி. ஐஸ்கிரீம் டப்பாவைப் புதினாவுக்குக் கொடுத்துவிடுங்கள். கறுப்பு நிறம் வேண்டாம், சூட்டை இழுக்கும். வில்லியனூர்ப் பக்கம் மண்சட்டி கிடைக்கும். அதற்குள் வாளியை இறக்கி, இடைவெளியில் மணலைப் போட்டு நனைத்து வைத்தால் வேர் குளிர்ச்சியாக இருக்கும்.

அடியில் ஜல்லி, ஓட்டாஞ்சில் போடாதீர்கள். வடிகாலுக்கு என்று எல்லோரும் போடுகிறார்கள், சின்னத் தொட்டியில் அது எதிராகத்தான் வேலை செய்யும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள், மறுபடி சொட்டும். உயரம் கூடக் கூடத்தான் தண்ணீர் வடியும். மண் குட்டையாக இருந்தால் அடியில் ஈரம் நிற்கும். ஜல்லி போட்டால் மண்ணின் உயரம்தான் இன்னும் குறையும். துளை ஆறேழு போட்டு, அடியில் கொசுவலைத் துண்டு ஒன்று விரித்தால் போதும்.

மண்கலவை: தென்னை நார்க்கழிவு 4 பங்கு, மண்புழு உரம் 3, செம்மண் 2, மணல் 1, வாளிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை அப்படியே கரைத்துப் போட்டுவிடாதீர்கள், அதிலும் உப்பு உண்டு. ஊறவைத்துப் பிழிந்து, டீத்தண்ணி போல வரும் சாயம் வெளுக்கும்வரை மூன்று நான்கு முறை அலச வேண்டும். நட்ட மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் ஒரு முறை, மூன்று நாள் புளித்த கடலைப் பிண்ணாக்குக் கரைசலைப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றலாம். மொட்டு விட்டதும் பிண்ணாக்கைக் குறையுங்கள், இல்லையென்றால் இலைதான் கொழுக்கும். கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 1 கிராம், பத்து நாளுக்கு ஒரு முறை தரலாம். வேறு உரத்தோடு சேர்த்துக் கரைக்க வேண்டாம், திரிந்து அடியில் படிந்துவிடும். பக்கக்கிளையைக் கிள்ளாதீர்கள். இந்த ரகங்கள் கிளையில்தான் காய்க்கும்.

தேனீ வராதே என்ற கவலை வேண்டாம். தக்காளிப் பூ தன்னைத் தானே சூல்கொள்ளும், மகரந்தம் உதிர ஓர் அதிர்வுதான் தேவை. காலை 10 மணி வாக்கில் பூங்கொத்தின் காம்பை விரலால் நாலு தட்டுத் தட்டுங்கள். கடற்காற்றின் ஈரத்தில் விடிகாலையில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு இருக்கும், அதனால்தான் 10 மணி.

ரகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'மைக்ரோ டாம்' ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் உருவாகி 1989இல் வெளிவந்தது, 15, 20 சென்டிமீட்டரோடு நின்றுவிடும். பார்க்க அழகு, ருசி சுமார். 1945இல் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகம் தந்த 'டைனி டிம்' கொஞ்சம் உயரம், ருசியும் தேவலை. நம்மூர் பி.கே.எம்.-1, அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து சடுதிமாற்றம் மூலம் பெரியகுளத்தில் உருவாக்கப்பட்டது. படர்ந்து ஓடாத ரகம்தான், ஆனால் வாளிச் செடி இல்லை. 20 லிட்டர் பை கேட்கும். உறையில் இருக்கும் படத்தை நம்ப வேண்டாம். 'குட்டை' என்று நான் வாங்கிய ஒரு விதை 5 அடிக்குப் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது. ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: ஒரு வாளிச் செடி குழம்புக்குத் தக்காளி தராது. ஆறு வாளி இருந்தால் வாரத்தில் ஒருநாள் ரசத்துக்குக் கிள்ளிக்கொள்ளலாம்.

இப்போதைக்கு இருக்கும் செடிகளில் கறுத்த காய்களைப் பறித்துவிடுங்கள். எதாவது ஒன்று மேல்பாதி பழுத்திருந்தால் விதைக்கு ஆகும், அடி அழுகல் விதைக்குத் தொற்றாது. சாறோடு ஒரு டம்ளரில் பிதுக்கி இரண்டு நாள் புளிக்கவிட்டு, அடியில் தங்கும் விதையை மட்டும் கழுவி நிழலில் காயவையுங்கள். வீரிய ஒட்டு ரகமாக இருந்தால் அடுத்த தலைமுறை தாயைப் போல வராது என்பதால், உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். வாளி மண்ணைக் கொட்ட வேண்டாம். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீர் ஓடவிட்டுக் கழுவி, கார்த்திகை வரை அதில் பொன்னாங்கண்ணி போட்டு வையுங்கள். குறைந்த வெளிச்சத்திலும் வரும்.