பள்ளிக்கூடம் இல்லாத குடிமைக் கல்வி: ஒரோமோ மக்களின் கடா முறை (கேள்வி பதில்)

காலனியத்துக்கு முந்தைய சமூகங்கள் குடிமைப் பொறுப்பை எப்படிக் கற்றுக்கொடுத்தன என்று பலர் கேட்டிருந்தீர்கள். எத்தியோப்பியாவின் ஒரோமோ மக்களை, அதிலும் போரானா பிரிவினரை வைத்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா, பள்ளிக்கூடமே இல்லாமல் எப்படிக் கற்றார்கள்?

'கடா' என்ற அவர்களது ஆட்சி முறையில் ஆண்களின் வாழ்க்கையே 8 ஆண்டுப் படிகளாகப் பிரிந்திருந்தது. முதல் படியில் இருக்கும் சிறுவர்களுக்கு 'டப்பல்லே' என்று பெயர். பெண்பிள்ளைகள் போல முடி வளர்த்திருப்பார்கள், அவர்களை யாரும் தண்டிக்கக்கூடாது. அடுத்தடுத்த படிகளில் மாடு மேய்ப்பது, ஊரைக் காப்பது என்று பொறுப்பு ஏறிக்கொண்டே போகும்.

தலைவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆட்சிப் படிக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இளைஞர்களாக இருக்கும்போதே தலைவர்களைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். உடனே அதிகாரம் கிடைக்காது. இடைப்பட்ட காலம் முழுக்கப் பயிற்சி, கூடவே ஊரின் கண்காணிப்பு. அப்புறம் 8 ஆண்டு ஆட்சி. முடிந்ததும் அடுத்த அணியிடம் ஒப்படைத்துவிட்டு ஆலோசகர்களாகிவிடுவார்கள். இன்றைய தேர்தல்களில் நாம் இழந்தது அந்தப் பயிற்சிக் காலத்தைத்தான் என்று நினைக்கிறேன்.

சட்டங்களை எழுதி வைத்தார்களா?

இல்லை, எல்லாம் வாய்மொழிதான். 8 ஆண்டுக்கு ஒருமுறை 'கும்மி கயோ' என்ற பெருங்கூட்டம் கூடும். பழைய சட்டங்களை எல்லோர் முன்னிலையிலும் சொல்லி, விவாதித்துத் திருத்துவார்கள். தலைவரான 'அப்பா கடா' தவறு செய்திருந்தால் பதவியைப் பறிக்கவும் அந்தக் கூட்டத்துக்கு அதிகாரம் உண்டு.

பெண்களுக்கு இடம் இருந்ததா?

கடா பதவிகளில் இல்லை. அது பெரிய குறைதான். ஆனால் திருமணத்தின்போது பெண்ணுக்குத் தாய் கொடுக்கும் 'சின்கே' என்ற கோல் வெறும் சடங்குப் பொருள் அல்ல. ஒரு மனைவியின் உரிமை மீறப்பட்டால், பெண்கள் கோலுடன் வீட்டை விட்டு வெளியேறி ஒன்றுகூடுவார்கள். நியாயம் கிடைக்கும்வரை திரும்ப மாட்டார்கள்.

இந்த முறையில் சிக்கலே இல்லையா சகோதரி?

உண்டு. படியை வயது தீர்மானிக்கவில்லை. மகன் எப்போதும் தந்தைக்கு 5 படி, அதாவது 40 ஆண்டு, பின்னால் இருக்க வேண்டும். தந்தைக்கு வயதான பிறகு பிறந்தவன் கீழ்ப்படிகளைத் தாண்டி நேராக மேலே வந்துவிடுவான். அந்தப் படிகளில் கற்க வேண்டியதெல்லாம் அவனுக்குக் கிடைக்காது.

இன்றும் இருக்கிறதா?

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எத்தியோப்பியாவின் மெனெலிக் மன்னரின் படையெடுப்புகளுக்குப் பிறகு பல இடங்களில் நலிந்துபோனது. போரானா, குஜி பிரிவினர் விடாமல் காப்பாற்றி வந்தார்கள். 2016இல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.